ஒரே வாளியில் கழுவிய கிண்ணம்

டீக்கடையில் இப்போதெல்லாம் தனி கிளாஸ் கிடையாது என்கிறார்கள். உண்மைதான். கிளாஸே கிடையாது. பேப்பர் கப் வந்துவிட்டது. ஊர்த்தெருக்காரருக்கும் பேப்பர் கப், சேரிக்காரருக்கும் பேப்பர் கப். குடித்தோமா, கசக்கினோமா, தொட்டியில் போட்டோமா, போய்க்கொண்டே இருக்கலாம். "பாத்தீங்களா தோழர், சமத்துவம் வந்துடுச்சு" என்று முற்போக்குக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார். இரட்டைக் குவளைக்கு எதிராக எத்தனை ஊரில் எத்தனை பேர் அடிபட்டார்கள், கேஸ் வாங்கினார்கள், ஊர்விலக்கம் பட்டார்கள். அவ்வளவும் ஒரு காகிதக் குவளையில் வந்து முடிந்தால் அதைக் கொண்டாடுவதற்கு முன்னால் அந்தக் குவளையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தனி கிளாஸ் வைத்தவனுக்கு என்ன பிரச்சினை? டீ ஒன்றுதான். பால் ஒன்றுதான். கொதிக்கிற பாய்லர் ஒன்றுதான். நம் வாய் பட்ட இடத்தில் அவன் வாய் பட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் அவன் பிரச்சினை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத எச்சில் ஒன்று நம் உதட்டில் இருப்பதாக அவன் நம்பினான். பேப்பர் கப் அந்த நம்பிக்கையைத் தொடவே இல்லை. பத்திரமாக, ஒரு கீறல் விழாமல், அப்படியே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. முன்பு எச்சிலைப் பிரித்து வைக்க ஒரு தனி கிளாஸ், ஒரு தனி ஆணி, கழுவுவதற்குத் தனித் தொட்டி எல்லாம் வேண்டியிருந்தது. போட்டோ எடுத்தால் கடைக்காரன் மாட்டினான். இப்போது எதை போட்டோ எடுப்பது?

சட்டத்தைப் பாருங்கள். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றியது. அதன் நான்காவது பிரிவு உணவகத்துக்குள் நுழைவதைத் தனியாகவும், அங்கே பொதுமக்களுக்கு என்று வைத்திருக்கிற பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தனியாகவும் சொல்கிறது. நுழைவது வேறு, பாத்திரம் வேறு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே விட்டுவிட்டுப் பாத்திரத்தில் வைத்துக் கழுத்தறுப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. பாத்திரமே இல்லாத ஒரு கடை வரும் என்பதைத்தான் அவர்கள் யோசிக்கவில்லை.

அதுவும் எல்லோருக்கும் பேப்பர் கப் என்பதே பாதிப் பொய். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் பதினொரு மணிக்கு டீக்காரத் தம்பி கம்பிக் கூடையில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வருவான். எங்கள் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு மட்டும் கூடையின் ஓரத்தில் ஒரு பேப்பர் கப் செருகியிருக்கும். "ஏன் தம்பி?" என்று கேட்டால், "அவங்கதான் சார் கேட்டாங்க" என்பான். அக்கா என்னத்தைக் கேட்டார்? அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2019 ஜனவரியில் தமிழக அரசு தடை செய்த பிளாஸ்டிக் சாமான்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் ஒன்று. மண்ணுக்கு ஆகாது என்று தடை. மனுசனுக்கும் ஆகாது என்று எவரும் சொல்லவில்லை. 2020இல் கொரோனா வந்ததும் தடையும் மறந்து போயிற்று. சாதிக்கு அதைவிட நல்ல சாக்கு நூறு வருசத்தில் கிடைத்ததில்லை.

இந்தக் குவளை விசயம் எனக்கு நன்றாக உறைத்தது சென்னையில், ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று சூப்பு குடித்துக்கொண்டிருந்தபோது.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். அதன் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலை. பொழுது சாய்ந்தால் அங்கே அத்தோ வண்டிகள் வந்து நிற்கும். மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் போட்ட நூடுல்ஸை ஒரு பெரிய பேசினில் அள்ளிப் போட்டு, முட்டைகோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள், வறுத்த கடலைமாவு, நொறுக்கின பேஜோ எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைகிறார்கள். கரண்டி கிடையாது. கை. அதுதான் அத்தோ. கூடவே வாழைத்தண்டு சூப்பு, காசு கிடையாது, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அந்த சூப்பையே நூடுல்ஸ் மேல் ஊற்றினால் மொய்ங்கா. வெங்காயத்தையும் பொரித்த பூண்டையும் அடைத்த முட்டை ஒன்று தனியாக. நூறு ரூபாய்க்குள் வயிறு நிறைந்துவிடும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஐகோர்ட் குமாஸ்தா, பஜாரில் செல்போன் கவர் வாங்க வந்த காலேஜ் பையன்கள், மார்வாடிக் கடையில் கணக்கெழுதுகிறவர், நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து வந்த இந்தக் கவிஞன், எல்லோரும் தோள் இடிக்க நிற்கிறோம்.

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துத்தான் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சூப்பு வந்தது எவர்சில்வர் கிண்ணத்தில். எனக்கு முன்னால் யாரோ குடித்த கிண்ணம். நான் வைத்ததும் அதை ஒரு வாளியில் முக்கி, இன்னொரு வாளியில் அலசி, எனக்குப் பின்னால் வந்தவருக்கு அதே கிண்ணத்தில் ஊற்றினார்கள். அவர் அதை உதட்டில் வைத்து உறிஞ்சினார். யார் வாய் பட்ட கிண்ணம் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே ஏன் கேட்கவில்லை?

நகரம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சோம்பேறித்தனம். அதே சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் நகரம் என்ன என்று தெரிந்துவிடும். இந்த வண்டிக்கு இருப்பது வேறு ஒரு வசதி. இந்தச் சோற்றுக்கு இங்கே சாதி கிடையாது. பிசைகிற கை யார் கை? "பர்மாக்காரர் கை". அதோடு விசாரணை நின்றுவிடுகிறது. அந்தக் கை பர்மாவுக்குப் போவதற்கு முன்னால் எந்தத் தெருவில் இருந்தது என்பது கடலில் கரைந்து போயிற்று.

அந்தக் கடலைப் பற்றியும் பேச வேண்டும். 1852இல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்ததும் ஐராவதிக் கழிமுகத்துக் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. செட்டியார் முதல் போட்டார். தமிழ், தெலுங்கு, ஒடியக் கூலிகள் உடம்பைப் போட்டார்கள். நம்மவர்கள் அங்கே வெறும் கூலிகளாக மட்டும் இருக்கவும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனில் கிளை இருந்தது. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னுக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள். 1954 டிசம்பரில் உலக பௌத்த மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கர் போனதும் அந்த ரங்கூனுக்குத்தான். பர்மாவில் தமிழர்களுக்குள் சாதி இல்லை என்று கதைவிட நான் வரவில்லை. கப்பலில் சாதியும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறியது. பர்மியர்களும் நம்மைக் கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளை வெட்டிச் சாய்த்தார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது காட்டு வழியாக நடந்தே வந்தவர்களில் வழியில் செத்தவர்கள் கணக்கில்லை. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கி, ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். நடைபாதையில் கடை போட்டார்கள். கொண்டுவர முடிந்தது ஒரு சூப்பு செய்யும் பக்குவம்.

அந்த சூப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் எங்கள் கீழ்வேளூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும். ஐராவதிக் கரையில் மொய்ங்காவுக்குக் கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, இஞ்சி பூண்டு வெங்காயம் தட்டி, வறுத்த அரிசிமாவோ கடலைமாவோ கரைத்துக் கெட்டியாக்கி, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுகிறார்கள். விடியக்காலையில் தெருவோரத்தில் குந்தி அதைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். கெளுத்தி, வாழைத்தண்டு, அரிசி. இதில் எது நம்மிடம் இல்லை? வாய்க்காலில் தூரி போட்டு கெளுத்தி பிடித்த கை நம் கைதானே. அரிசி நூடுல்ஸ் என்பது இடியாப்பத்துக்கு அண்ணன் தம்பி முறை.

கழிமுகத்து ஏழைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். சீனத்தின் சுவாத்தோ பக்கத்திலிருந்து பிழைக்கக் கிளம்பிய தியோச்சு மக்கள் அரிசிமாவை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நறுக்கி எலும்புச் சாற்றில் போட்டுத் தின்னும் பழக்கத்தைப் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் அது குவே தியாவ். பாங்காக்கில் குவய் தியாவ். மேகாங் கழிமுகத்தில், சைகோனில், ஹூ தியூ. மூன்று துறைமுகத்தில் மூன்று வாயில் ஒரே சொல் இப்படித் திரிந்திருக்கிறது. சைகோன் நமக்கு ஒன்றும் தூரமில்லை. நாகூர் தாண்டினால் காரைக்கால். அங்கேயிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுக்காரனின் கப்பலில் சிப்பாயாக, போலீசாக, குமாஸ்தாவாக சைகோன் போனவர்கள் ஏராளம். 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. உன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள், பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடு என்று. துறந்தவர்களில் ஒடுக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் நிறைய. துறப்பதற்குச் சாதியில் ஏதாவது லாபம் இருந்தவன் ஏன் துறக்கப் போகிறான்? இன்றைக்கும் பாண்டிச்சேரியில் சில வீடுகளில் விசேசத்துக்கு 'சாயோ' பொரிக்கிறார்கள். வியட்நாம் பலகாரம்.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் வாரம் ஒருநாள் கோப்பிக்கடையில் தியோச்சுக்காரரிடம் மீன் உருண்டை சூப்பு குடிப்பானாம். "யாருன்னு கேக்க மாட்டான் அண்ணே, எவ்ளோ காரம்னுதான் கேப்பான்" என்றான். அங்கேயும் தின்ற தட்டைத் திருப்பி வைக்க முஸ்லிம்களுக்குத் தனி அடுக்கு உண்டு என்று அவனே சொன்னான். அதைக் கொண்டுவந்து இரட்டைக் குவளையோடு முடிச்சுப் போடாதீர்கள். தங்கள் உணவு விதிக்காக ஒரு சமூகம் கேட்டு வாங்கிய அடுக்கு அது. கேட்டு வாங்குவதும் ஒதுக்கி வைப்பதும் ஒன்றா? அதே சிங்கப்பூரில் ராத்திரி தங்குமிடத்துக்குத் திரும்பினால் நம்மூர்ப் பையன்கள் "நீ எந்தத் தெரு?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான்.

இப்போது எலும்புக்கு வருவோம்.

வியட்நாமின் ஃபோ சூப்பு உலகம் முழுக்கப் பிரபலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனோய், நாம் தின் பக்கம் உருவானது. அங்கே மாடு உழவுக்கு, தின்பது குறைவு. பிரெஞ்சுக்காரன் வந்து நல்ல சதையாகப் பார்த்து வெட்டித் தின்ன ஆரம்பித்ததும் எலும்பும் சவ்வும் மலிந்தன. அந்த எலும்பை வாங்கி, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், பட்டை, அன்னாசிப்பூ போட்டு ராத்திரி முழுக்கக் கொதிக்கவைத்து, காவடி மாதிரி தோளில் தூக்கித் தெருத்தெருவாக விற்றார்கள் என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். எசமான் ஒதுக்கிய எலும்பு. கூலிக்காரன் குடித்த சாறு. இன்று அது ஒரு தேசத்தின் பெருமை. அந்த நாட்டுக்கு யார் போனாலும் முதலில் அதைத்தான் குடிக்கிறார்கள். அங்கே நொய்யரிசிச் சோறு கூட இப்போது பெயர்பெற்ற சாப்பாடு. நாம் குடித்த குறுநொய்க் கஞ்சியை எந்த ஓட்டல் போர்டில் எழுதியிருக்கிறார்கள்?

நம்மிடமும் அதே எலும்பு இருந்தது. மூட்டெலும்பையும் நெஞ்செலும்பையும் தட்டிப் போட்டு, மிளகு சீரகம் பூண்டு சின்ன வெங்காயம் நசுக்கி, விறகடுப்பில் விடிய விடியக் கொதித்த சாறு. நடவுக் காலத்தில் நாளெல்லாம் சேற்றில் நின்று இடுப்பு விட்டுப்போன பொம்பளைகளுக்கு அதுதான் மருந்து. வயல் நண்டு ரசம், நத்தைச் சாறு. சொல்லப்போனால் தஞ்சைத் தரணி என்று வாய்கிழியப் பேசுகிறார்களே, அதன் நெல்லை விளைவித்த உடம்புகள் இந்தச் சாற்றில்தான் நின்றன. அங்கே எலும்புச் சாறு தேசிய உணவானது. இங்கே அதே சாறு நம்மைத் தீண்டத்தகாதவர் என்று நிரூபிக்கிற சாட்சியானது. எலும்பிலா வித்தியாசம்?

இது பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு: 2019 ஜூலையில் எங்கள் ஊருக்குக் கிழக்கே, சிக்கலுக்குப் பக்கத்துப் பொரவச்சேரியில், மாட்டுக்கறி சூப்பு குடிப்பதைப் படம் எடுத்து முகநூலில் போட்ட ஓர் இஸ்லாமிய இளைஞரை ஒரு கும்பல் தாக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. நான்கு பேர் கைதானார்கள். பிரியாணிக்கு இல்லை, வறுவலுக்கு இல்லை, ஒரு கிண்ணம் சூப்புக்கு. அவர் வீட்டில் குடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெயர் சொல்லி, முகம் காட்டி, எல்லோரும் பார்க்கக் குடித்ததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

ஆக, அத்தோ வண்டியைப் பார்த்து நான் மயங்கியதற்கு ஒரு எல்லை உண்டு. அங்கே என்னால் நிம்மதியாகக் குடிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த சூப்புக்குப் பர்மா என்று ஒரு முகமூடி இருந்தது. முகமூடி எவ்வளவு நாள் தாங்கும்?

எங்கள் சேரியில் ஒரு தம்பி. ஓட்டல் வேலைக்குக் கோயம்புத்தூர் போய் வாணலியை வீசிப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவன். கடைத்தெருவில் ஒரு பாஸ்ட் ஃபுட் வண்டி போட்டான். நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், கோழி சூப்பு. வண்டியில் சிவப்பு எழுத்தில் 'சைனீஸ்'. ஊர்த்தெருப் பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டுக் குந்தித் தின்றார்கள். வியாபாரம் பிரமாதம். கோழிக்கும் சாதி கிடையாது, சீனாவுக்கும் சாதி கிடையாது. ஏப்ரல் 14 வந்தது. அவன் வண்டியில் அம்பேத்கர் படம் ஒட்டினான். பெரிய படமெல்லாம் இல்லை, காலண்டர் அளவு. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நாமும் போஸ்டர் அடித்திருப்போம். தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் "தட்டு வேணாம்ப்பா, இலைய வெச்சுக் குடு" என்றார்கள். அப்புறம் பார்சல் கேட்டார்கள். பார்சல் வாங்கியவர்கள் பிறகு வருவதை நிறுத்தினார்கள். ஆடி மாதத்துக்குள் வண்டி வேளாங்கண்ணிக்குப் போய்விட்டது. யாத்திரைக்காரர்கள் வந்து போகிற இடம். யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. அங்கே நன்றாக ஓடுகிறது. படம் இப்போது வண்டிக்கு உள்பக்கம் இருக்கிறது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டாமா?

இயக்கத்தில் சில தோழர்கள் இதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நிலம், கூலி, அதிகாரம் என்று பேச வேண்டிய இடத்தில் சூப்பு, நூடுல்ஸ் என்று பேசுகிறாயே என்கிறார்கள். நான் உட்கார்ந்து எழுதுகிற இடத்திலிருந்து வெண்மணி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25இல் நாற்பத்து நான்கு பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்கு. அதை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அதே கீழத்தஞ்சையில் 1940கள் வரை பண்ணையாளுக்குச் சவுக்கடியோடு என்ன கொடுத்தான் மிராசுதார்? சாணிப்பால். சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தான். அதை நிறுத்தச் சொல்லித்தான் சீனிவாசராவும் செங்கொடிச் சங்கமும் முதலில் நின்றார்கள். அது வயிற்றுப் பிரச்சினையா, கூலிப் பிரச்சினையா? அப்புறம் கொட்டாங்கச்சியில் டீ. அப்புறம் தனி கிளாஸ். இப்போது பேப்பர் கப். இந்த மண்ணில் நம் வாயில் எதை, எதில் ஊற்றுவது என்பதை அவர்கள் ஒருநாளும் சின்ன விசயமாக நினைத்ததில்லை. நாம்தான் நினைக்கிறோம்.

திராவிட இயக்கத்துத் தோழர்களுக்கும் ஒன்று. 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' எழுத்தை எதிர்த்து நாள் தவறாமல் ஆட்களை அனுப்பி மறியல் நடத்தினார். எழுத்து அழிந்தது. அதற்கு முன் 1941இல் ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர், பிறர் என்ற பிரிவு ஒழிந்தது. பெரிய காரியங்கள். மறுக்க மாட்டேன். அழித்த இடத்தில் 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதிக்கொண்டார்கள். எது உயர்தரம், எதற்கு மேல் உயர்ந்தது என்று ஏன் யாரும் தார்ச்சட்டியைத் தூக்கவில்லை? அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதானே எல்லாக் கட்சிக்காரரும் காபி குடிக்கிறார்கள்.

சுத்தம், சுகாதாரம் என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். ஒரே வாளித் தண்ணீரில் அத்தனை கிண்ணத்தையும் முக்கினால் நோய் வராதா? வரும். நியாயமான கேள்வி. சோப்பும் கொதிக்கிற தண்ணீரும் அதற்குப் போதும். நோய்க் கிருமி கொதிதண்ணீரில் சாகும். அவன் நினைக்கிற எச்சில் எந்தத் தண்ணீரிலும் சாகாது. அது சாக வேண்டுமென்றால் நான் குடித்த கிண்ணத்தில் அவனும் அவன் குடித்த கிண்ணத்தில் நானும் தினமும் குடித்துப் பழக வேண்டும். வேறு வைத்தியம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: பேப்பர் கப்பை எதிர்த்துப் போராடுவோம். கிளாஸ் வை என்று கேட்போம், கழுவி வை என்று கேட்போம். எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே தொட்டி. கடைக்காரர் முழிப்பார். "இதுக்குமாடா போராட்டம்?" என்பார்கள். சட்டத்தின் நான்காவது பிரிவை அப்போது எடுத்து வாசிப்போம்.

கேட்பது ஒரு பக்கம். நாமே ஒரு கடை போடுவது இன்னொரு பக்கம். கீழ்வேளூர்க் கடைத்தெருவில், ஒதுக்குப்புறத்தில் இல்லாமல் பஸ் நின்று போகிற இடத்தில், சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. மகளிர் குழுவில் நாலு அக்காமார்கள் தயார். எலும்புச் சாறு, அதில் இடியாப்பம். இடியாப்பத்தைச் சாற்றில் போட்டுக் குடித்துப் பார்த்தோம். சும்மா சொல்லக் கூடாது, எந்த ஃபோவுக்கும் குறைச்சல் இல்லை. வெள்ளி, சனிக்கு நண்டு ரசம், கிடைத்தால் நத்தை. கிண்ணம் முப்பது ரூபாய்க்குள் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். முதலுக்கு முத்ரா கடனில் சிசு பிரிவு இருக்கிறது, ஐம்பதாயிரம் வரை, தாட்கோவும் இருக்கிறது. விண்ணப்பம் எழுதுவதும் வங்கிக் கணக்கும் என் பொறுப்பு, அதற்குத்தானே மாசச் சம்பளம் வாங்குகிறேன். விண்ணப்பத்தில் 'தொழில்: சிற்றுண்டி' என்று போட்டால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார். 'மாட்டெலும்பு சூப்பு' என்றே எழுதுவோம் என்று பெரியம்மா ஒருவர் பிடிவாதம். "நான் காச்சுறத நான் காச்சுறேன்னு சொல்றதுக்கு எனக்கென்னடா பயம்?" என்றார். எனக்கும் அதே எண்ணம்.

போர்டு விசயத்தில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. பர்மா சூப்பு, வியட்நாம் சூப்பு என்று எழுதினால் முதல் மாசம் கூட்டம் வரும், அப்புறம் மெள்ள உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்கள் இளைஞர்கள். வேளாங்கண்ணித் தம்பியும் போனில் அதையேதான் சொன்னான். பட்டவன் சொல்வதை லேசாகத் தள்ளவும் முடியவில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்த்தெருவிலிருந்து முதல் மாசம் பத்துப் பேர் வந்தாலும் போதும், ஆனால் என்ன குடிக்கிறோம், யார் காய்ச்சியது, யார் குடித்த கிண்ணம் என்று தெரிந்தே குடிக்கிற பத்துப் பேராக இருக்கட்டும் என்கிறேன்.

இடம் கேட்டு மூன்று பேரிடம் போனோம். முதல் இரண்டு பேர் "என்ன கடை?" என்று கேட்டு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் "யாரு கடை?" என்று கேட்டார். ரயிலடிக்குப் போகிற வழியில் நாலாவது இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் அக்காமார்களோடு போய்ப் பேசப் போகிறோம். நாகை, திருவாரூர்ப் பக்கத்துத் தோழர்கள், கல்லூரி மாணவர்கள், வர முடிந்தவர்கள் கூட வாருங்கள். பீங்கான் கிண்ணம் நாற்பது வாங்கி வைத்தாகிவிட்டது.